மேலே ஏற ஏறக் கனக்கும் உப்பு

நேபாளம் தின்னும் உப்பு ஏறக்குறைய முழுவதும் இந்தியாவிலிருந்து போவது. பெரும்பகுதி குஜராத் உப்பளங்களில் விளைந்தது. எல்லைவரை ரயிலில் வந்து நேபாள்கஞ்சுக்குள் நுழையும் மூட்டை, சமவெளிக் கடைகளுக்கு லாரியில் எளிதாகப் போய்விடும். அதே மூட்டை மேற்கு நேபாள மலைப்பகுதியான கர்ணாலியின் மேல்கோடி ஊர்களுக்குப் போக லாரி, டிராக்டர், கோவேறு கழுதை, கடைசியில் நெற்றிப்பட்டையில் டோக்கோ கூடை சுமக்கும் ஆள் என்று கை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஏற்றுகூலி, இறக்குகூலி, கொஞ்சம் சேதாரம். விநியோகத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு மலைக்கணக்கு கிலோமீட்டரில் இல்லை. சரக்கு எத்தனை தடவை தரையில் இறங்குகிறது என்பதில் இருக்கிறது. நூடுல்ஸ் பாக்கெட் எந்த மலைக்கடையிலும் தொங்குகிறதே, அது எடை குறைந்தது, தன் கூலியைத் தானே தாங்கும். உப்பு மலிவு, கனம் அதிகம். அதன் அடக்கவிலையைக் கூலி விழுங்கிவிடும்.

மேல்மலைக் கடைக்காரர் கொள்ளை லாபம் அடிக்கிறார் என்பது பழைய குற்றச்சாட்டு. ஒரே கடை உள்ள ஊரில் அப்படிச் செய்பவரும் உண்டு. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதை சரியும் என்று தெரிந்து, நான்கு மாதச் சரக்கை முன்கூட்டியே அடுக்குபவரும் அவர்தான். முதல் முடங்குகிறது, ஈரத்தில் உப்பு கசிகிறது, பிஸ்கட் காலாவதியாகிறது. வாங்குபவர்களோ வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பணம் அனுப்பிய பிறகுதான் கடனை அடைக்கிறார்கள். பற்றுக் கணக்கைப் பாராமல் விலையை மட்டும் பார்த்துப் பேசுவது நியாயமல்ல. சாலை வந்தால் எல்லாம் தீரும் என்பதும் பாதி உண்மைதான். காத்மாண்டுவுக்கே சரக்கு கொண்டுபோகும் நாராயண்கட்–முக்லிங் சாலை மழையில் சரிந்து அடைபடுகிறது. சாலை கூலியைக் குறைக்கும், காத்திருப்பை ஒழிக்காது.

ஆகவே சுமைகூலியைப் பொதுப்பணம் ஏற்பதுதான் வழி. 1963-ல் தொடங்கிய சால்ட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக, தொலைமாவட்டங்களுக்கு அயோடின் உப்பு கொண்டுபோகும் செலவுக்கு அரசு மானியம் தந்து வந்திருக்கிறது. மானியம் உள்ளூர் விளைச்சலைக் கெடுக்கும் என்பார்கள். அரிசி விஷயத்தில் இதை ஏற்கிறேன். கர்ணாலியின் சிறுதானியங்களை மானிய அரிசி ஓரங்கட்டியது. அரிசிக்கு மாற்று அந்த வயலிலேயே இருந்தது. அயோடின் உப்புக்கு அங்கே மாற்று இல்லை. அயோடின் சேர்க்காத திபெத்து உப்பைச் செம்மறி முதுகில் கொண்டுவந்த காலத்தில் மலையூர்களில் கழுத்துக்கழலை பரவலாக இருந்தது.

மலையில் விளையாத, உடலுக்கு அவசியமான சரக்குக்கு மட்டும் சுமைகூலியைத் தாருங்கள். அந்தப் பணம் மே மாதம் முடிவதற்குள், கழுதைப் பாதை திறந்திருக்கும்போதே, கைக்கு வந்து சேர வேண்டும்.