மையம் தேடிய மூலைமட்டம்

கணிதத்துக்கு அஞ்சியோரின் புகலிடமே கலைப்பீடம் என்றோர் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. விடுதி அறையிலே நண்பர்கள் கூடியிருந்து பள்ளிக்கால அல்லல்களை நினைவுகூரும்போது, கேத்திரகணிதத்தின் பெயர் எழுந்தவுடன் சிரிப்பும் எழும். அச்சிரிப்பில் நானும் கலந்துகொள்வதுண்டு. ஆயினும், வட்டத்தைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் என்னால் முழுமனதோடு சிரிக்க முடிவதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2018ஆம் ஆண்டு டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினேன். மறு ஆண்டு பெறுபேறு வெளியானபோது ஏனைய பாடங்கள் கைகொடுத்திருந்தன, கணிதம் கைவிட்டிருந்தது. இத்தனைக்கும் வட்டத் தேற்றங்கள் யாவும் எனக்கு மனப்பாடம். ஒரு வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம், அது பரிதியின் எஞ்சிய பகுதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு. ஒரே துண்டக் கோணங்கள் சமன். அரைவட்டக் கோணம் செங்கோணம். வட்ட நாற்பக்கலின் எதிர்க்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. தேவாரம் ஓதுவதுபோல் இவற்றை ஓதுவேன். ஆனால் வினாத்தாளில் ஒரு வட்டமும் அதனுள்ளே நாலைந்து கோடுகளும் தோன்றிவிட்டால், எந்தத் தேற்றம் எங்கே ஒளிந்திருக்கின்றது என்பது எனக்குப் புலப்படுவதில்லை.

என் பிழைகள் பெரும்பாலும் இருவகைப்பட்டன. கண்ணுக்குச் செங்கோணமாகத் தோன்றுவதைச் செங்கோணம் என்றே எழுதிவிடுவேன்; தரவில் அது உண்டா எனத் தேடமாட்டேன். மற்றையது ஆரைச்சிறை பற்றியது. ஆரை 21 சதமமீற்றர், மையக் கோணம் 120 பாகை. சுற்றளவு யாது என்று கேட்டால், பையின் பெறுமானத்தை 22/7 எனக் கொண்டு, வட்டத்தின் பரிதி 132, அதில் மூன்றிலொரு பங்கு 44 என விடையெழுதி அடிக்கோடும் இட்டுவிடுவேன். 44 என்பது வில்லின் நீளம் மாத்திரமே. இரு பக்கமும் அடைத்து நிற்கும் ஆரைகள் இரண்டையும் கூட்டினால்தான் 86 என்ற சரியான விடை வரும். சூத்திரம் நினைவில் இருந்தது. உருவம் நினைவில் இல்லை.

மீண்டும் பரீட்சை எழுதுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை. என் தந்தையார் தச்சுத் தொழில் செய்பவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வீட்டின் பின்புறத்துக் கொட்டிலே ஒரு பழைய முக்காலியின் வட்டப் பலகையைத் திருத்திக்கொண்டிருந்தார். கால்களைப் புதிதாகப் பொருத்துவதற்கு அதன் நடுப்புள்ளி வேண்டியிருந்தது. பெரிய மூலைமட்டத்தை எடுத்தார். அதன் மூலை பலகையின் விளிம்பிலே சரியாகப் படும்படி வைத்தார். மட்டத்தின் இரு கைகளும் விளிம்பை வெட்டிய இரு இடங்களிலும் பென்சிலால் அடையாளமிட்டு, அவற்றை ஒரு கோட்டால் இணைத்தார். பின்னர் மட்டத்தை வேறோர் இடத்துக்கு நகர்த்தி, அவ்வாறே இன்னொரு கோடு வரைந்தார். இரு கோடுகளும் வெட்டிய புள்ளியிலே ஆணியை ஊன்றினார்.

“இது பிழைக்காதோ, அப்பா?” என்று கேட்டேன்.

“இண்டுவரைக்கும் பிழைச்சதில்லை, பிள்ளை.”

“ஏன் அப்பிடி வருகுது?”

“அது எனக்குத் தெரியாது. தொழில் பழக்கினவர் காட்டித் தந்தவர். நீதானே படிக்கிறாய், நீ சொல்லு பாப்பம்.”

எனக்கு உற்சாகம் பிறந்தது. அரைவட்டக் கோணம்! சோக்குக் கட்டியால் நிலத்தில் வட்டமொன்று வரைந்தேன், விட்டத்தை இட்டேன், அதன் இரு முனைகளையும் பரிதியில் உள்ள ஒரு புள்ளியோடு இணைத்தேன். பின்னர் மையத்திலிருந்து அப்புள்ளிக்கு ஓர் ஆரையை வரைந்தேன். ஆரைகள் சமனாதலால் இரு இருசமபக்க முக்கோணிகள் கிடைத்தன. பெரிய முக்கோணியின் கோணங்களிலே ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகின்றது. மொத்தம் 180 பாகை. எனவே பரிதியில் அமையும் கோணம் அதன் பாதி, 90 பாகை. வென்றுவிட்டேன் என்ற மிதப்போடு நிமிர்ந்தேன்.

அப்பா படத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நீ நடுவை வைச்சுக்கொண்டெல்லோ மூலையைக் காட்டுறாய். என்ர கையில இருக்கிறது மூலை. நடு எங்கையெண்டு எனக்குத் தெரியாது. நான் மூலையிலயிருந்து நடுவுக்குப் போறன். அதுக்கு என்ன நியாயம்?”

நான் வாயடைத்துப் போனேன். தேற்றம் வேறு, அதன் மறுதலை வேறு என்பது பாடநூலில் உள்ளதுதான். “மறுதலை” என்ற சொல்லை என் தந்தையார் கேள்விப்பட்டிருக்கமாட்டார். எனினும் நான் காணாத இடைவெளியை அவர் கண்டுவிட்டார். விட்டத்தின்மேல் நிற்கும் கோணம் செங்கோணம் என நிறுவிவிட்டால், செங்கோணம் தாங்கி நிற்கும் நாண் விட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்பது தானாக வந்துவிடாது. அதற்குத் தனியே காரணம் வேண்டும்.

அன்றிரவு கொப்பியும் கவராயமுமாக நெடுநேரம் விழித்திருந்தேன். மறுநாட் காலையில், நான் ஓதிக்கொண்டிருந்த முதலாவது தேற்றத்திலேயே விடை இருக்கக் கண்டேன். பரிதியில் உள்ள கோணம் 90 பாகையானால், அதே வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம் அதன் இருமடங்கு, 180 பாகை. அப்படியாயின் மையத்திலிருந்து நாணின் இரு முனைகளுக்கும் செல்லும் ஆரைகள் ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றன. ஆகவே அந்நாண் மையத்தினூடாகச் செல்லும் விட்டமே. இரண்டு விட்டங்கள் வெட்டுமிடம் மையமன்றி வேறில்லை.

கொட்டிலுக்கு ஓடிச்சென்று சொன்னேன். அப்பா இறுதிவரை கேட்டார். “அப்ப சரி” என்றார். மீண்டும் சீவுளியை எடுத்துக்கொண்டார்.

மையக் கோணத் தேற்றம், கி.மு. 300 அளவில் யூக்கிளிட் தொகுத்த ‘மூலங்கள்’ என்னும் நூலின் மூன்றாம் புத்தகத்தில் 20ஆவது கூற்றாகவும், அரைவட்டக் கோணத் தேற்றம் 31ஆவதாகவும் அமைந்துள்ளதைப் பிற்காலத்தில் அறிந்தேன். கூற்றுக்களை அந்நூல் வெறுமனே அடுக்கிச் செல்வதில்லை. ஒவ்வொன்றும் முன்னே நிறுவப்பட்டவற்றின் மீது கால் ஊன்றி எழுகின்றது. நான் அவற்றைத் தனித்தனியே மனனம் செய்தமையே என் தோல்விக்குக் காரணம். அந்த மாலைக்குப் பின் வினாக்களை நான் அணுகிய முறை மாறிற்று. தரவில் உள்ளதையும் கண்ணுக்குத் தோன்றுவதையும் பிரித்து எழுதினேன். எவரும் வரைந்து தராத ஆரையை நானே வரைந்து பார்த்தேன். பல வினாக்களின் பூட்டு அந்த ஓர் ஆரையிலேயே திறந்தது. ஆரைச்சிறை வந்தால், ஓர் எறும்பு அதன் விளிம்பைச் சுற்றி வருவதாகக் கற்பனை செய்தேன். எறும்பு ஆரைகளை மறப்பதில்லை.

2019 டிசம்பரில் மீண்டும் எழுதினேன். கிடைத்தது சாதாரண சித்திதான். அதைப் பெருமையாகச் சொல்ல நான் துணியேன். ஆனால் பெற்ற பயன் பரீட்சையோடு முடிந்துவிடவில்லை. முதலாண்டில் ஒரு வரலாற்றுக் கட்டுரையிலே, பஞ்சம் வந்தால் மக்கள் இடம்பெயர்வர், இவ்வூரார் இடம்பெயர்ந்தனர், ஆகவே இங்குப் பஞ்சம் நிலவியது என்று எழுதியிருந்தேன். சமர்ப்பிக்கும் முன் வாசித்தபோது, அப்பாவின் கேள்வி காதில் ஒலித்தது: “அதுக்கு என்ன நியாயம்?” போரினாலும் இடம்பெயர்வர், வெள்ளத்தினாலும் இடம்பெயர்வர் என்பதை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்? அவ்வரியை வெட்டிவிட்டுச் சான்று தேடி நூலகத்துக்கு நடந்தேன்.

அந்த முக்காலி இன்றும் எங்கள் வீட்டிலே இருக்கின்றது. கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பலகையிலே ஒன்றையொன்று வெட்டும் இரு பென்சிற் கோடுகள் மங்கலாகத் தெரியும். விடுமுறையில் வீடு செல்லும்போதெல்லாம் ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம்.