கறவைக்கு நேரமாச்சு, அம்மணி!

முதியோர் இல்லம் என்று பேச்செடுத்தால், "சாப்பாடு எப்படி? ரூம் சுத்தமா? மாசம் எவ்வளவு?" என்றுதான் நாம் கேட்போம். இன்னொன்றும் கேட்க வேண்டும் சகோதரிகளே! "இங்கே வேலை பார்க்கிற ஆயாக்களுக்கு மறதி நோயைப் பற்றிப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா?" என் மாமியார் விஷயத்தில் நான் தெரிந்துகொண்டது இது.

அத்தைக்கு 79 வயது. டிமென்ஷியா என்கிற மறதி நோய். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற சாதாரண மறதி இல்லை இது; மூளையையே பாதிப்பது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு அத்தை ரோட்டில் இறங்கிவிடுவார். வேறு வழியில்லாமல்தான் இல்லத்தில் சேர்த்தோம்.

மூன்றே மாதம். "விடியற்காலை 4 மணிக்கே எழுந்து கதவைத் தட்டுகிறார். குளிப்பாட்டப் போனால் அடிக்கிறார். அடங்குவதற்கு மாத்திரை கொடுக்கிறோம்; இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். எனக்குத் திக்கென்றது. அப்படிக் கொடுக்கும் சில மனநோய் மருந்துகள், மறதி நோயுள்ள முதியவர்களின் உயிருக்கு ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்திருக்கிறது.

நல்லவேளையாக, அந்தச் சமயத்தில் இல்லத்து ஊழியர்களுக்கு இரண்டு சனிக்கிழமை பயிற்சி நடந்தது. அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் வந்திருந்தார். குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள், போய் உட்கார்ந்தேன்.

முதலில் ஓர் ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்து, எண்ணெய் தடவிய கண்ணாடியை மாட்டி, காதில் பஞ்சை வைத்தார் நர்ஸ். இன்னொரு ஆயாவிடம், "ஒரு வார்த்தை பேசாமல், அவசர அவசரமாக இவருக்குச் சோறு ஊட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாலு வாய் போவதற்குள் உட்கார்ந்திருந்தவர் கையைத் தட்டிவிட்டார். "பாத்தீங்களா? இவங்களும் அடிச்சிட்டாங்க!" என்றார் நர்ஸ். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட் என்ற அறிஞர், 1997-இல் வெளியான தன் புத்தகத்தில் விளக்கிய வழியாம் இது. நோயைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பதுதான் சாரம். நினைவு போனாலும் ஆறுதல், ஒட்டுதல், நாலு பேரோடு ஒருவராக இருப்பது, கைக்கு ஒரு வேலை, 'நான் இன்னார்' என்ற அடையாளம் ஆகிய ஐந்தும் மனுஷருக்கு வேண்டும். நடுவிலே அன்பு வேண்டும் என்கிறார் அவர்.

"ஒருத்தி பத்துப் பேரைக் குளிப்பாட்டணும். கதை கேட்க நேரமேதுங்க?" என்று கேட்டார் ஓர் ஆயா. நியாயமான கேள்விதான். "மல்லுக்கட்டிக் குளிப்பாட்ட எத்தனை பேர், எவ்வளவு நேரம்?" என்று நர்ஸ் திருப்பிக் கேட்டார். "ரெண்டு பேரு, முக்கால் மணி நேரம்" என்று பதில் வந்தது. சொல்லும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பிறகு குடும்பத்தாரைப் பேசச் சொன்னார்கள். நான் சொன்னேன்: அத்தை முப்பது வருஷம் மாடு வைத்துப் பிழைத்தவர். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றித்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிப்பார். முழுத்துணியையும் அவிழ்த்து, தலையில் தண்ணீரைக் கொட்டினால் அவர் அடிக்காமல் என்ன செய்வார்?

மறுநாளிலிருந்து பாவாடை கட்டியபடியே, காலில் முதலில் வெந்நீர் ஊற்றி, "அடுத்து முதுகுங்க ஆத்தா" என்று சொல்லிச் சொல்லிக் குளிப்பாட்டினார்கள். அடி நின்றது. விடிகாலையில் "கறவைக்கு நேரமாச்சு, கதவைத் திற அம்மணி" என்றால், "இங்கே ஏது மாடு, படுங்க" என்று அதட்டுவதில்லை. "செவலை எத்தனை லிட்டர் கறக்கும் ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குக் கூட்டிப் போவார் ஆயா. அத்தை பாலை அளந்து ஊற்றுவார். கணக்குத் தப்பும், யாரும் திருத்துவதில்லை. மாத்திரை தேவைப்படவில்லை.

நோய் குணமாகவில்லை. என் பெயர் அத்தைக்கு ஞாபகமில்லை. சில நாள் அழுகையும் உண்டு. திடீரென்று குணம் மாறினால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் அந்தப் பயிற்சியில் சொன்னார்கள். வாயால் சொல்லத் தெரியாதவர்கள் கோபமாகத்தான் காட்டுவார்களாம்.

உங்கள் வீட்டுப் பெரியவரை யாரிடமாவது ஒப்படைக்க நேர்ந்தால், ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுங்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு எழுவார், எப்படிக் குளிப்பார், காபியா டீயா, எதற்குப் பயப்படுவார். மருந்துச் சீட்டோடு அந்தத் தாளும் இருக்கட்டும். அவருக்கு நினைவு இருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.