வாங்கலாமா, வேண்டாமா?

2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், வட இலண்டனிலுள்ள ஒரு பங்கில் விடுமுறைக்குச் சென்றிருந்த குருவுக்குப் பதிலாகச் சில வாரம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு மக்கள் ஆலயத்தை அடுத்த மண்டபத்தில் தேநீர் அருந்திய பின்னரே கலைவர். வானிலை, விலைவாசி, பேரக்குழந்தைகள் பற்றிய பேச்சை எதிர்பார்த்துச் சென்ற நம் செவியில் ஒரே ஒரு பெயர் வந்து விழுந்தது. காய் ஹாவெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய இளைஞரை ஆர்சனல் கால்பந்துக் கழகம் வாங்கலாமா, வேண்டாமா? அவ்வட்டாரத்தில் ஆர்சனல் என்பது தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும் குடும்பச் சொத்து. ஆகவே பாகப்பிரிவினைக்குரிய சூட்டோடுதான் பேச்சும் நடந்தது.

எதிர்த்தவர்களுக்கு முதல்வராய் நின்றவர் அயர்லாந்து வழிவந்த ஒரு முதியவர், ஓய்வுபெற்ற தபால்காரர். கணக்கு முழுவதும் அவர் விரல் நுனியில் இருந்தது. 2020-இல் செல்சீ கழகம் 6 கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்து ஹாவெர்ட்ஸை ஜெர்மனியிலிருந்து அழைத்துவந்தது. மூன்று ஆண்டுகளில் 139 ஆட்டங்கள் ஆடினார், கோல்கள் 32. அப்போதுதான் முடிந்திருந்த பருவத்தில் செல்சீ 12-ஆம் இடத்திற்குச் சரிந்தது. லீக் ஆட்டங்களில் இவர் அடித்தவை ஏழே ஏழு. இத்தகையவருக்கு ஆர்சனல் 6 கோடியே 50 லட்சம் பவுண்டு தரப்போவதாகச் செய்தி அடிபட்டது. "ஃபாதர், நீங்களே சொல்லுங்கள்" என்று நம் பக்கம் திரும்பினார். நாம் தேநீரைப் பருகுவதில் கருத்தாயிருந்தோம். அதே செல்சீயிலிருந்து 2020-இல் வந்த வில்லியன் என்பவர் ஓராண்டு ஆடி ஒரே ஒரு கோலுடன் விடைபெற்றுச் சென்றதை அவர் மறந்தாரில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கறவை போதாதென்று கழித்துக் கட்டிய மாட்டை, நாம் ஏன் நல்ல விலை கொடுத்து ஓட்டிவர வேண்டும்? நம் ஊர் வழக்கில் சொன்னால் அவர் வாதம் இதுவே.

அவர் சினத்திற்குப் பின்னே வேறொரு வலியும் இருந்தது. 2004-க்குப் பின் ஆர்சனல் அதுவரை லீக் பட்டம் வென்றிருக்கவில்லை. அவ்வாண்டு பெரும்பகுதி முதலிடத்தில் இருந்துவிட்டு, இறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் பட்டத்தை இழந்திருந்தது. இன்னும் ஒரே படி ஏறவேண்டிய வேளையில் தவறான ஆளை எடுத்துவிடக் கூடாதே என்னும் அச்சம் அது.

ஆதரித்தவர் அவருடைய பேத்தி, கல்லூரி மாணவி. இருபது வயது நிரம்புமுன்னரே ஜெர்மனியின் லெவர்குசன் கழகத்திற்காக ஒரே பருவத்தில் 17 லீக் கோல் அடித்தவர் ஹாவெர்ட்ஸ் என்றாள். 2021 மே 29 அன்று போர்த்தோ நகரில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் செல்சீக்குக் கோப்பையை ஈட்டித் தந்த ஒரே கோல் அவருடையதே என்றாள். "மூன்றாண்டில் பயிற்சியாளர் எத்தனை முறை மாறினார், தாத்தா? ஒருவர் நடுவில் நிறுத்தினார், ஒருவர் ஓரத்தில் நிறுத்தினார், ஒருவர் முன்னே நிறுத்தினார். அவர் எங்கே ஆடுவார்?" கடைசியாக அவள் கேட்ட கேள்வியில் மண்டபமே சற்று அடங்கிற்று. "நம் மைதான வாசலில் யார் யாருடைய சிலைகள் நிற்கின்றன?"

அங்கு நிற்கும் சிலைகளுள் இரண்டு, தியரி ஆன்றியுடையதும் டென்னிஸ் பெர்க்காம்ப்புடையதும் ஆகும். இருவரும் இத்தாலியில் சோபிக்காமல் ஆர்சனலுக்கு வந்தவர்கள். பெர்க்காம்ப் இன்டர் மிலானில் இரண்டு பருவம் வாடி, 1995-இல் 75 லட்சம் பவுண்டுக்கு வந்தார். பதினோரு பருவங்கள் ஆடி 120 கோல் அடித்தார். ஆன்றி 1999-இல் யுவெந்துஸ் கழகத்தில் 16 லீக் ஆட்டங்களில் மூன்றே கோல் அடித்தவர். அங்கே அவரை ஓரத்தில் ஓடவிட்டிருந்தனர். மொனாக்கோவில் அவரை முன்பே அறிந்திருந்த ஆர்சன் வெங்கர் அவரை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். முதல் பருவத்திலேயே 26 கோல், மொத்தத்தில் 228. அக்கழகத்தின் வரலாற்றில் அதற்கு மேல் அடித்தவர் இல்லை.

பேத்தி வென்றுவிட்டாள் என்று மண்டபத்தில் பலரும் எண்ணியிருக்கக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வந்து தோற்றுப் போனவருக்கு யாரும் சிலை எடுப்பதில்லை. வாசலில் நிற்கும் சிலைகளை மட்டும் எண்ணுபவர், இல்லாத சிலைகளை எண்ணத் தவறிவிடுகிறார். மறுபுறம், எண்ணிக்கை நிறைந்தவரும் ஏமாற்றுவதுண்டு. பிரான்சில் 22 லீக் கோல் அடித்த புகழோடு வந்த நிக்கோலா பெப்பேக்கு 2019-இல் ஆர்சனல் 7 கோடியே 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. அதுவரை அக்கழகம் யாருக்கும் கொடுத்திராத விலை அது. அவரோ நிலைபெறாமல் 2023-இல் விலகினார். ஆகவே தபால்காரரின் ஐயம் குற்றமன்று. ஓய்வூதியத்திலிருந்து நுழைவுச்சீட்டு வாங்குபவர் கணக்குக் கேட்கக் கூடாதா? ஆயினும் பேத்தி கேட்ட ஒரு கேள்விக்கு அங்கே ஒருவரும் விடை சொல்லவில்லை: அவர் எங்கே ஆடுவார்? ஒரு மனிதர் ஓரிடத்தில் சோர்ந்துபோனார் என்றால், அந்தச் சோர்வில் பாதி அந்த இடத்துக்கும் உரியது. (குருக்களாகிய நமக்கு இது புதிதன்று. மாற்றல் பெற்றுப் புதுப்பங்கில் பெட்டியை இறக்குமுன்னரே பழைய பங்கின் தீர்ப்பு அங்கு வந்து அமர்ந்திருக்கும்.)

ஜூன் இறுதியில் ஆர்சனல் அவரை வாங்கியே விட்டது. அப்போது அவருக்கு வயது 24. பயிற்சியாளர் மிக்கேல் ஆர்டேட்டா அவரை முதலில் இடப்புற நடுக்களத்தில் நிறுத்தினார். லீக்கின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை, ஏளனம் ஏறிற்று. செப்டம்பர் 30 அன்று போர்ன்மத் நகரில், ஆர்சனல் 2-0 என முந்தியிருந்த வேளையில் ஒரு பெனால்டி கிடைத்தது. சக ஆட்டக்காரர்கள் பந்தை அவரிடம் கொடுத்தனர். அவர் அடித்ததும் எல்லாரும் ஓடிவந்து தழுவினர். இரக்கப்பட்டு அளித்த கோல் என்று எள்ளியவரும் உண்டு. இரக்கமாகவே இருக்கட்டும், அதனால் குறைந்தது என்ன? நவம்பரில் ப்ரென்ட்போர்டில் ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை அவரே அடித்தார். பின்னர் ஆர்டேட்டா அவரை முன்வரிசையின் நடுவுக்கு மாற்றினார். 2024 ஏப்ரலில் செல்சீயை 5-0 என வீழ்த்தியபோது இரண்டு கோல் அவருடையவை. பருவ முடிவில் லீக் கோல்கள் 13. பட்டமோ இரண்டே புள்ளியில் மீண்டும் கை நழுவிற்று.

இதனிடையே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அறுபது மில்லியன் பவுண்டு சாக்கடையில் போயிற்று என்ற கேலியையே எடுத்து, 2010 உலகக்கோப்பைப் பாடலின் மெட்டில் அமைத்து, அவர் கோல் அடிக்கும்போதெல்லாம் ஆர்சனல் ரசிகர்கள் மகிழ்ந்து பாடலாயினர். தாம் ஐயுற்றதை அவர்கள் மறைக்கவில்லை, அதையே பாட்டாக்கிக்கொண்டனர். இந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது.

ஆனால் 2025 ஜனவரி 12 அன்று, எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பெனால்டி முறையில் முடிவு காணும்போது, ஹாவெர்ட்ஸ் அடித்த பந்தை எதிரணிக் கோல்காப்பாளர் தடுத்தார், ஆர்சனல் தோற்றது. கருவுற்றிருந்த அவர் மனைவிக்கு, பிறவாத குழந்தையையும் விட்டுவைக்காத கொடுஞ்சொற்கள் இணையவழி வந்தன. அவற்றை அவரே ஊரறிய வெளியிட்டார். காவல்துறை 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கைது செய்தது. தேநீர் மண்டபத்துத் தபால்காரர் விலையைப் பற்றிப் பேசினார், காலைப் பற்றிப் பேசினார், கோல் கணக்கைப் பற்றிப் பேசினார். அந்த இளைஞரின் வீட்டு வாசலை ஒருபோதும் மிதிக்கவில்லை. அவர் நேரில் வந்து நின்றிருந்தாலும் அதே சொற்களை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார். நம் வீட்டுப் பிள்ளைகளும் இரவில் கண்விழித்து இவ்வாட்டங்களைப் பார்க்கிறார்கள்; கையில் கைப்பேசியும் இருக்கிறது. அவர்கள் யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

2025-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்புக்குத் தபால்காரரிடமிருந்து ஒரு வாழ்த்தட்டை வந்தது. சுவீடன் நாட்டு விக்டர் யோக்கெரெஸை அவ்வாண்டு ஆர்சனல் வாங்கியதைக் கண்டித்து ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். போர்த்துக்கல்லில் ஒரே பருவத்தில் அடித்த 39 லீக் கோல்களை இங்கிலாந்தில் யார் மதிப்பார்கள் என்பது அவர் கேள்வி. பேத்தி இதற்கும் மறுப்புச் சொல்கிறாளாம். ஓரத்தில், இடம் போதாமல் சாய்வாக, இன்னொரு வரியும் இருந்தது: ஆகஸ்டு முதல் முழங்கால் காயத்தால் ஆடாதிருக்கும் ஹாவெர்ட்ஸுக்காக நாம் மன்றாட வேண்டுமாம்.