அவலுக்குத் தொட்டுக்கொள்ள ஜிலேபி

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விசித்திரமான ஜோடி உண்டு. அடுத்த ஊர்க்காரருக்கு அது வேடிக்கை. சொந்த ஊர்க்காரருக்கு உயிர்.

இந்தூரில் காலை 7 மணிக்குத் தெருமுனைக் கடை முன் நிற்கும் தமிழருக்கு முதலில் தோன்றுவது சந்தேகம்தான். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த அகன்ற தட்டில், மஞ்சள் நிற அவல் ஆவியிலேயே சூடு ஆறாமல் குவிந்து கிடக்கிறது. கடைக்காரர் அதை அள்ளிக் காகிதத்தில் போடுகிறார். மேலே ஒரு பிடி சேவ், நறுக்கிய வெங்காயம், கொத்துமல்லி, ஜீராவன் என்ற மசாலாப் பொடி. அரை மூடி எலுமிச்சையும் பிழிகிறார். அது வரை சரி. அடுத்த நொடியே பாகு சொட்டும் ஜிலேபியும் வந்துவிடுகிறது. டிபன் முடிந்த பிறகு சாப்பிட வேண்டிய இனிப்பு என்று நினைத்து அதை ஓரமாக ஒதுக்கி வைப்பவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர் ஒரு வாய் அவல், ஒரு கடி ஜிலேபி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறார். காரம் ஏறும்போது இனிப்பு தணிக்கிறது, இனிப்பு திகட்டும்போது எலுமிச்சை காப்பாற்றுகிறது. பகலில் நகைக் கடைகளும் இரவில் தின்பண்டக் கடைகளுமாக வேஷம் மாறும் சராஃபா வீதியைக் கொண்ட ஊரில், இப்படிப்பட்ட ஜோடி பிறந்ததில் ஆச்சரியமில்லை.

இந்தூர்க்காரர்கள் இதில் தனியாக இல்லை. குஜராத்தில் கடலை மாவில் நீளமாகப் பொரித்த ஃபாஃப்டாவுக்கும் ஜிலேபிக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கூடவே வறுத்த பச்சை மிளகாயும் பப்பாளிக்காய்த் துருவலும். தசராவன்று அகமதாபாத் கடைகளில் காலையிலேயே வரிசை நிற்கும். பெங்களூரின் ‘சௌ சௌ பாத்’தில் ஒரே தட்டில் ஒரு கிண்ணம் ரவை உப்புமாவும் ஒரு கிண்ணம் கேசரியும் பக்கத்துப் பக்கத்தில் கவிழ்ந்திருக்கும். இரண்டும் ரவையின் பிள்ளைகள், குணம்தான் வேறு. பிகாரில் மகர சங்கராந்தியன்று அவலில் தயிரும் வெல்லமும் பிசைந்து, கயாவின் எள் தின்பண்டமான தில்குட்டோடு சாப்பிடுகிறார்கள். தொட்டுக்கொள்ளக் காரமான உருளைக்கிழங்குக் கறி. பாட்னாவில் அரசியல் தலைவர்கள் வீட்டு ‘தஹி–சூடா’ விருந்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை வைத்துக் கூட்டணிக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு.

தெற்கே வந்தால், திருவனந்தபுரத்துக் கல்யாண இலையில் போளியைப் பிய்த்து அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைகிறார்கள். பாயசத்தில் வாழைப்பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிச் சேர்ப்பவர்களும் கேரளத்தில் ஏராளம். வடகோடியில் காஷ்மீரிகள் தேநீரில் உப்புப் போடுகிறார்கள். நூன் என்றால் உப்பு. பச்சைத் தேயிலையைச் சோடா உப்புடன் நெடுநேரம் கொதிக்க வைத்துப் பால் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் நூன் சாய் தயார். ரொட்டிக் கடையிலிருந்து சுடச்சுட வரும் கிர்தாவைப் பிய்த்து அதில் தோய்க்க வேண்டும். அந்தக் குளிரில் அதைக் குடித்தவர்கள் சர்க்கரை எங்கே என்று கேட்பதில்லை.

இதையெல்லாம் கேட்டு உதட்டைச் சுழிக்கும் தமிழர்கள் தங்கள் வீட்டு அடுக்களையை ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். காரமான அடைக்கு வெண்ணெயும் வெல்லமும் யார் கண்டுபிடிப்பு? தயிர் சாதத்துக்கு மாம்பழத் துண்டு? உப்புமாவுக்குச் சர்க்கரை? தோசையின் கடைசி விள்ளலைச் சர்க்கரையில் தோய்த்துச் சாப்பிடாமல் எழுந்திருக்க மறுக்கும் பெரியவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! குஜராத்திகள் பருப்பில் வெல்லம் போடுகிறார்கள் என்று கேலி செய்யும் அதே வாய், வற்றல் குழம்பு இறக்கும்போது ஒரு சிறு துண்டு வெல்லம் போடாவிட்டால் ஏதோ குறைகிறது என்று சொல்லும். அடுத்தவர் செய்தால் கலப்படம், நாம் செய்தால் கைப்பக்குவம்.

இந்த முரண்களுக்குப் பின்னால் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? 2015ல் ஜோத்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சுமார் 2,500 இந்தியச் சமையல் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி அலசினார்கள். மேற்கத்தியச் சமையலைப் பற்றி 2011ல் வந்த ஓர் ஆய்வு, ஒரே மாதிரியான மணச் சேர்மங்கள் கொண்ட பொருள்களைச் சேர்த்துச் சமைக்கும் போக்கு அங்கே இருப்பதாகக் கூறியிருந்தது. இந்தியாவில் கண்டது நேர்மாறு. இங்கே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மணங்களே ஒரு பாத்திரத்தில் சேர்கின்றன. அதற்குப் பெரிய காரணம் மசாலாப் பொருள்கள் என்பது அவர்கள் முடிவு. பாட்டிகளுக்குத் தெரிந்திருந்ததைக் கணினி உறுதி செய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எதை எதோடு சேர்க்கக் கூடாது என்ற கவலையும் இந்த நாட்டில் பழையதுதான். சரக சம்ஹிதையில் முரண்பட்ட உணவுகளுக்கு ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. பாலும் மீனும் சேரக் கூடாது என்பது அதில் பிரபலமான விதி. (வங்காளிகள் மீனைத் தயிரில் சமைத்து ‘தோய் மாச்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.) ஆனால் பலர் கவனிக்காத ஒரு விலக்கையும் அதே நூல் தருகிறது. அளவாக உண்பவர்கள், ஜீரண சக்தி மிக்க இளைஞர்கள், உடற்பயிற்சியால் உரமேறியவர்கள் ஆகியோரை முரண்பட்ட உணவு பாதிப்பதில்லையாம். இந்த வரிசையில் இன்னொரு வகையினரும் உண்டு: அந்த உணவு பழகிப் போனவர்கள். பழக்கம் முரணை முறியடித்துவிடும் என்று மருத்துவ நூலே ஒப்புக்கொள்கிறது. பிறகு அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்க என்ன ஆதாரம் மிச்சமிருக்கிறது?

மிச்சமிருப்பது அந்தஸ்து. அதற்குச் சரியான உதாரணம் தண்ணீர் ஊற்றிய பழைய சோறு. நெல் விளையும் கிழக்கு, தெற்கு மாநிலங்கள் முழுவதற்கும் பொதுவான சொத்து அது. தமிழில் பழையது, வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத், ஒடிசாவில் பகாள. வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் வைத்தால் லேசாகப் புளித்துக் குளுமையாகிறது. அடுப்பு வேண்டாம், காசு வேண்டாம். அதனாலேயே அது ஏழையின் உணவு, வயலுக்குப் போகிறவரின் உணவு என்று முத்திரை விழுந்தது.

ஒடிசா மட்டும் அந்த முத்திரையைக் கண்டுகொள்ளவில்லை. பூரி ஜகந்நாதருக்கே பகாள படைக்கப்படுகிறது. அப்போதே தண்ணீர் ஊற்றியது சஜ பகாள, முதல் நாள் இரவு ஊற்றியது பாசி பகாள, தயிர் சேர்த்துத் தாளித்தது தஹி பகாள என்று அதில் வகைகள் உண்டு. பக்க வாத்தியங்கள் இன்னும் முக்கியம். உளுந்தில் செய்து வெயிலில் உலர்த்திய வடகத்தை வறுத்து, பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாயுடன் நொறுக்கிக் கடுகெண்ணெய் விட்டுப் பிசறினால் படி சூரா. அதோடு கீரை வதக்கல், உருளைக்கிழங்கு மசியல், பொரித்த மீன். மார்ச் 20ஆம் தேதியைப் பகாள தினமாகவே கொண்டாடுகிறார்கள். உலகின் எந்த மூலையில் இருக்கும் ஒடியாவும் அன்று தன் தட்டைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்.

புவனேஸ்வருக்கு மாற்றலாகிப் போன கும்பகோணத்து வங்கி அதிகாரி ஒருவரின் வீட்டுக்கு, ஒரு மே மாதம் ஊரிலிருந்து தாயார் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். பக்கத்து வீட்டு ஒடியாப் பெண்மணி ‘மாவுசி’ என்று உறவு கொண்டாடி, மகனோடு அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வெயில் 42 டிகிரி. வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீரில் மிதக்கும் சோறு வந்தது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. மகன் பக்கம் சாய்ந்து, “ஏண்டா, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? பழையதைக் கொண்டு வந்து வைக்கிறாளே” என்றார்.

“இல்லைம்மா. இதுதான் இவங்களுக்கு விருந்து.”

அம்மா நம்பவில்லை. அவருக்குத் தெரிந்த பழையது வேறு. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள். எல்லோருக்கும் சுடச்சுடப் பரிமாறிய பிறகு, அடுக்களை மூலையில் முதல் நாள் மிச்சத்தை நின்றபடியே சாப்பிட்ட வருஷங்கள் அவர் கணக்கில் இருந்தன. வாசலில் விருந்தாளி சத்தம் கேட்டால் அந்தச் சட்டியை மூடி மறைத்துவிட வேண்டும். வீட்டின் மானம் அதில் இருந்தது. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிட்ட அந்த ருசி அவருக்குப் பிடித்தமானதுதான். ஆனால் பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இங்கே அதே சோறு வெண்கலத்தில், நடு ஹாலில், முதல் பந்தியில் வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி விசிறியோடு எதிரே உட்கார்ந்து, “மாவுசிக்கு இன்னும் கொஞ்சம்” என்று உபசாரம் செய்தார். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் பேச்சு நின்றது. கிண்ணம் காலியானதும் மகனிடம், “அந்தத் தண்ணியை இன்னும் கொஞ்சம் விடச் சொல்லு” என்றார். மறு நாள் காலை, ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த மோர்மிளகாயில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போனது. பகாளவுக்கு மோர்மிளகாய் பொருந்துமா என்று இருவரும் விவாதிக்கவில்லை. இருவருக்கும் பொதுவான பாஷை இருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

பழையதின் கௌரவம் வேறு இடங்களிலும் உயர்ந்திருக்கிறது. 2021ல் ஆஸ்திரேலிய ‘மாஸ்டர்செஃப்’ தொலைக்காட்சிப் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்காளதேசப் பூர்வீகம் கொண்ட கிஷ்வர் சௌத்ரி பாந்தா பாத்தையும் உருளைக்கிழங்கு மசியலையும் மீனையும் நடுவர்கள் முன் வைத்தார். கிடைத்தது மூன்றாம் இடம்தான். ஆனால் அந்த மேடையில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து எல்லையின் இரு பக்கத்து வங்காளிகளும் நெகிழ்ந்து போனார்கள். நட்சத்திர ஓட்டல்களில் மண்சட்டியில் பழையது பரிமாறும் காலம் இது. அதன் விலையைக் கேட்டால் அதே மூத்த மருமகள்கள் மயங்கி விழலாம்.

எல்லாச் சாப்பாட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2007ல் டெல்லி காவல் துறை, தலைநகருக்குப் படிக்க வரும் வடகிழக்கு மாநிலத்தவர்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அக்கூனி போன்ற வாடை அடிக்கும் பண்டங்களை அக்கம்பக்கத்தில் ரகளை ஏற்படாதபடி சமைக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட அறிவுரைகளில் ஒன்று. அக்கூனி என்பது நாகர்கள் சோயா அவரையைப் புளிக்க வைத்துச் செய்யும் பண்டம். பன்றி இறைச்சியோடு அதைச் சேர்த்துச் சமைத்தால் அவர்களுக்கு வீட்டு நினைவு வரும். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். டெல்லியில் ஒரு தோழியின் கல்யாணத்துக்காக அதைச் சமைக்க இடம் தேடி அலையும் நண்பர்களின் கதையை நிக்கோலஸ் கார்கோங்கோர் 2019ல் படமாகவே எடுத்தார். படத்தின் பெயரும் ‘அக்கூனி’தான்.

பிடித்த சாப்பாடு ஆடம்பரமா, தேவையா என்பது வெளியூரில் காய்ச்சல் வந்து படுத்தால் தெரிந்துவிடும். தமிழருக்கு அப்போது வேண்டியது மிளகு ரசமும் குழைந்த சோறும். மலையாளிக்குக் கஞ்சியும் பயறும். குஜராத்திக்குக் கிச்சடியும் கடியும். வங்காளிக்குக் குழைய வடித்த சோறும் தண்ணீராக ஓடும் மீன் குழம்பும். சத்துக் கணக்கில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் ஒருவருக்கு உரியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் வயிறு நிறையும், மனம் தேறாது. விடுதி அறையில் தனியாகப் படுத்திருக்கும் 19 வயதுப் பையனிடம், உன் ஊர்ச் சாப்பாடு நாற்றம் என்று சொல்வது சாப்பாட்டைப் பற்றிய விமர்சனம் மட்டும் அல்ல.

இதில் வெளியூர்வாழ் தமிழர்களுக்கு இரு பக்க அனுபவமும் உண்டு. மும்பையிலும் டெல்லியிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஊதுவத்தி கொளுத்தி வைத்து, கதவிடுக்கில் துணியைச் சுருட்டி அடைத்து, அதன் பிறகே நெத்திலிக் கருவாடு வறுக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அதே குடும்பங்களுக்குச் சென்னையில் சொந்தமாக ஒரு வீடு இருக்கலாம். அதை வாடகைக்குக் கேட்டு மணிப்பூரிலிருந்தோ நாகாலாந்திலிருந்தோ ஒரு பெண் வரும்போது, முன்பணம் பற்றிப் பேசுவதற்கு முன்பே, “என்ன சமைப்பீங்க?” என்ற கேள்வி வருகிறது. கருவாட்டுக்காக ஜன்னல் சாத்தியவர்கள் கேட்கக் கூடாத கேள்வி அது.