ஊதா நிறமும் என் கண்ணும்

அச்சிட்ட நூலைப் பார்த்துக் கற்பதா, கைப்பேசித் திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக் கற்பதா என்னும் வழக்கு இன்று பல வீடுகளில் நடக்கின்றது. சமையலில் நடக்கின்றது, தையலில் நடக்கின்றது. எங்கள் வீட்டில் அது 5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் போர்வீரனை முன்னிட்டு நடந்தது. அவ்வழக்கில் நான் நூலின் பக்கம் நின்று வாதாடினேன். தீர்ப்பு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வயது பதினைந்து. சிறு உருவங்களை வாங்கி வண்ணம் தீட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. 35-இல் ஒரு பங்கு என்பது அவ்வுருவங்களின் அளவு. 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் அக்கணக்கில் 5 சென்டிமீட்டர் ஆவான். அவனுடைய சட்டைப் பொத்தான் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்தப் பொத்தானுக்கும் வண்ணம் வைக்க வேண்டும். உருவங்களை வீட்டில் வைத்திருப்பது பற்றி என் துணைவியார் முதலில் தயங்கினார். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு மார்க்க அறிஞர் பலர் இடம் தந்திருப்பதை எடுத்துச் சொன்ன பின்னர், அலமாரிக்குள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வண்ணம் என்றால் எனக்கும் அதில் ஒரு சொல் உண்டு. 1925-இல் குலாம் காதர் என்பார் திருப்பூரில் முதற் பின்னலாடைத் தொழிலகத்தை நிறுவினார் என்பர். அவர் இட்ட விதை முளைத்து மரமாகி நின்ற காலத்தில், 1974-இல், பதினாறு வயதுச் சிறுவனாக நான் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். பின்னர் சாய மாஸ்டர் ஆனேன். நொய்யலை எங்கள் சாயக் கழிவு எவ்வாறு கெடுத்தது என்பதை நாடறியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி பட்டறைகள் மூடப்பட்டபோது என் தொழில்வாழ்வும் முடிந்தது. அந்த 37 ஆண்டுகளில் நான் சேர்த்த சொத்து என்று சொல்லத்தக்கது ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களே. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுத் துணி ஒட்டியிருக்கும். அருகில் துணியின் எடைக்கு எத்தனை விழுக்காடு எந்தச் சாயம், எவ்வளவு உப்பு, எவ்வளவு சோடா, என்ன சூடு, எந்தத் தேதி என்று எழுதியிருக்கும்.

ஆகவே எழுதி வைத்தது எதுவோ அதுவே அறிவு என்பது என் கொள்கை. பேரனோ கைப்பேசியைத் தண்ணீர்க் குவளையின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு நாட்டில் இருப்பவர் தூரிகையை அசைப்பதைப் பார்த்து அவ்வாறே அசைப்பான். இது கல்வியா, குரங்கு விளையாட்டா என்று எண்ணினேன். கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் உருவங்களுக்கு வண்ணம் தீட்டும் ஆங்கிலக் கையேடு ஒன்று கிடைத்தது. வாங்கி வந்து அவன் முன் வைத்தேன்.

இந்தக் கலைக்கு அச்சில் வந்த நூல்கள் மேலை நாடுகளில் நிரம்ப உண்டு. 1971-இல் இங்கிலாந்தில் ‘மிலிட்டரி மாடலிங்’ என்னும் மாத இதழே இதற்கெனத் தொடங்கப்பட்டது. அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன் 1980-இல் வெளியிட்ட நூலை இத்துறையினர் பாடநூல் போலவே போற்றினர். நான் வாங்கிய கையேட்டைப் படித்தபோது அதன் முறைமை என்னைக் கவர்ந்தது. முதலில் கழுவு, பின் அடிப்பூச்சு, பின் மேல்வண்ணம், அதன் பின் மடிப்புகளில் நிழல், கடைசியில் மேடுகளில் ஒளி. நிழலையும் ஒளியையும் ஏன் தீட்ட வேண்டும் என்பதற்கும் அதில் விடை இருந்தது. உருவம் மிகச் சிறிதாதலால் அதன் மடிப்புகளில் விழும் இயற்கையான நிழல் போதாது. தூரிகைதான் அதனைத் தர வேண்டும். பெரிய பொருளின் நிறத்தை அப்படியே சிறிய பொருளில் பூசினால் இருண்டு தோன்றும், சற்று வெளுப்பாக்கிக் கொள் என்றும் அந்நூல் கூறிற்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறு துண்டுத் துணியில் அடர்ந்து தெரியும் ஷேடு முழு ரோலில் வெளிறித் தோன்றும் என்பது நாங்கள் பட்டறையில் பட்டறிந்தது அன்றோ!

ஆனால் நடுவுநிலையோடு சொல்ல வேண்டும். வண்ணத்தை நீர்க்கச் செய்க என்று நூல் சொல்லிற்று. எவ்வளவு நீர்க்க? பாலைப்போல என்றது. கறந்த பாலா, காய்ச்சிய பாலா? பேரனின் திரையில் அந்த மனிதர் தூரிகையைத் தட்டின் விளிம்பில் இழுத்தார்; வண்ணம் மெல்ல வழிந்து நின்றது. ஒரு கணத்தில் விளங்கிற்று. என் மாஸ்டர் எனக்குச் சாயம் கரைக்கக் கற்றுக் கொடுத்ததும் வாயால் அன்று. என் கையைப் பிடித்துத்தான். கையின் அசைவைக் காட்டுவதில் நூல் திரைக்கு ஈடாகாது என்பதை நான் மறுப்பதற்கில்லை. திரையின் குறை வேறு. ஒன்றைக் கேட்டால் நாற்பது வழிகளை அது கொட்டுகின்றது. எது முதலில், எது பின்னர் என்று சொல்வதில்லை. முந்தாநாள் பார்த்த படம் இன்று தேடினால் அகப்படுவதில்லை.

இப்படி இருக்கையில் திப்பு சுல்தானின் காலாட்படை வீரன் ஒருவனைச் செய்யப் பேரன் விரும்பினான். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழும் வரை நம் கொங்குநாடு மைசூர் ஆட்சியின்கீழ் இருந்தது என்று நான் சொன்னதில் பிறந்த ஆசை அது. வேறொரு வீரனின் உருவத்தை எடுத்துப் புட்டியால் தலைப்பாகை கட்டினான். உடைக்கு என்ன நிறம்? திரையில் தேடினோம். ஒரு படத்தில் நீலம், ஒன்றில் செம்பழுப்பு, ஒன்றில் மஞ்சளில் வேங்கைக் கோடுகள். யாரைப் பார்த்து யார் வரைந்தார் என்பதற்குச் சான்றில்லை. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் 1780-ஆம் ஆண்டின் பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டிருக்கின்றது; ஆனால் அவ்வோவியமும் பிற்காலத்தில் மீண்டும் வண்ணம் பூசப்பெற்றது. முடிவில் ஒரு வரலாற்று நூல்தான் கைகொடுத்தது. ஊதா நிற மேலாடை, அதில் சாய்சதுர வடிவில் வெண்புள்ளிகள், சிவப்புத் தலைப்பாகை என்று அக்காலத்து ஆங்கிலேயர் எழுதி வைத்த குறிப்பை அது எடுத்துக் காட்டியது. “பார்த்தாயா, நூல் வென்றது” என்றேன்.

ஊதா என்னும் சொல் கிடைத்தது, நிறம் கிடைக்கவில்லை. செயற்கை ஊதாச் சாயத்தைப் பெர்க்கின் கண்டது 1856-இல். திப்புவின் காலத்தில் சிவப்புச் சாயத்தின் மேல் அவுரி நீலத்தை ஏற்றித்தான் ஊதாவைப் பெற இயலும். நூலில் உள்ள படத்தைப் பார்க்கலாமெனில், அது நான்கு மையின் புள்ளிகளால் அச்சானது. திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளால் நிறம் காட்டுவது. இரண்டும் துணியின் நிறம் அல்ல. ஆகவே என் கண்ணே சான்று என்று நானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன்.

பேரன் கலந்து காட்டினான். “இதில் நீலமே இல்லையே, பழுப்பாக அல்லவா இருக்கிறது?” என்றேன். ஒரு துளி நீலம் சேர்த்தான். “இன்னும்” என்றேன். மீண்டும் சேர்த்தான். ஐந்தாறு முறை இவ்வாறு நடந்தது. அவன் முகம் சுண்டியது. நான் கவனித்தும் கவனியாதவன்போல் இருந்தேன். கடைசியில் எனக்கு மனநிறைவு உண்டாயிற்று. வீரன் உடையணிந்து அலமாரிக்குள் சென்றான்.

சில மாதங்கள் கழித்து, மங்கிக்கொண்டே வந்த என் பார்வைக்குக் காரணம் கண்புரை என்று மருத்துவர் சொன்னார். வலக்கண்ணில் அறுவை செய்து புதிய வில்லை வைத்தனர். கட்டுப் பிரித்து வீடு வந்தபோது, வீட்டுச் சுவர் வெள்ளை என்பதையே புதிதாக அறிந்தேன். புரை முற்ற முற்றக் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் பழுப்பேறும். நீலத்தையும் ஊதாவையும் அது வடிகட்டி விடும் என்று மருத்துவர் விளக்கியிருந்தார். ஏதோ நினைவு வந்து அலமாரியைத் திறந்தேன். உள்ளே நின்ற வீரனின் உடை ஊதா அன்று, அப்பட்டமான நீலம். வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தேன். அன்று பார்த்த அதே அழகிய ஊதா! மாறி மாறி மூடித் திறந்தேன். குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை.

பேரனை அழைத்தேன். “இது நீலம் என்று உனக்கு அன்றே தெரியுமா?” என்றேன்.

“தெரியும் நன்னா.”

“பின் ஏன் சொல்லவில்லை?”

“முப்பத்தேழு வருசம் சாயம் பார்த்தவங்க நீங்க. உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?”

அச்சிட்டதற்கும் திரையில் கண்டதற்கும் சான்று கேட்ட நான், என் சொல்லுக்குச் சான்று கேட்கும் துணிவை அச்சிறுவனுக்கு அளித்தேனில்லை. பட்டறையில் என் மாஸ்டர், இரவில் டியூப் லைட்டின்கீழ்ச் சரியென்று கண்ட ஷேடையும் காலை வெயிலில் வேறொருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லிய பின்னரே லாட்டை இறக்குவார். அப்படி அழைக்கப்பட்ட பையன் பல நாள் நானாகவே இருந்திருக்கின்றேன். மாஸ்டரிடம் கற்ற சாயமெல்லாம் நினைவிருந்தது, இது மறந்துபோயிற்று.

“நீ முதலில் கலந்தது என்ன நிறம் என்று இனி யாருக்குத் தெரியும்?” என்றேன். அவன் உள்ளே சென்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தான். நான் எப்போதோ சொல்லிக் கொடுத்தபடி, கலந்த ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு கீற்று இழுத்து, எத்தனை துளி எது என்று தேதியோடு எழுதியிருந்தான். அந்நாளின் பக்கத்தில் ஆறு கீற்றுகள். முதற்கீற்றைப் புதிய கண்ணால் சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். சிவப்பின் மேல் அவுரி ஏறிய ஊதா. தொழிலில் இருந்த நாளில் என் முன் வந்திருந்தால் கையெழுத்திட்டு அனுப்பியிருப்பேன்.

வண்ணத்தைக் கரைத்து எடுத்துவிட்டு மீண்டும் தீட்டலாம் என்றேன். அவன் வேண்டாம் என்றான். அதே படையில் இன்னொரு வீரனைச் செய்து முதற்கீற்றின் நிறத்தை அவனுக்குப் பூசப் போவதாகச் சொன்னான். “அந்தக் காலத்துச் சாயம்தானே நன்னா, ரெண்டு லாட் ஒண்ணாவா இருந்திருக்கும்?” என்று கேட்டான். இராது என்றேன். இடக்கண் அறுவைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அதுவரை நிறம் பற்றிய பேச்சு வந்தால் அவனைக் கேட்டுக்கொள்கிறேன்.