சொன்ன பேச்சைக் கேட்ட குழந்தை

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் சிறுவர் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் பொறுப்பை நம் சங்கத்தார் என் தலையில் கட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களோடு மன்றாடிப் பழகியவனுக்குக் குழந்தைகளைக் கட்டி மேய்க்க எங்கே தெரியும்? ஆயினும் ஒப்புக்கொண்டேன். ஆசிரியர் குடியிருப்பிலிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கும்மிப் பாட்டு. நான்காம் முறை ஒத்திகை பார்த்தபோது அவள் முகம் வாடிவிட்டது. "அம்மாகிட்டப் போகணும் அண்ணா" என்றாள்.

"நல்ல பிள்ளை இல்லையா? இன்னும் ஒரே ஒரு தரம். எங்கே, சிரி பார்க்கலாம்" என்றேன்.

சிரித்தாள். கண்ணில் நீர் காயவில்லை. உதடு மட்டும் சொன்ன உடனே மலர்ந்தது. விழா அன்று அந்தக் கும்மிக்குத்தான் பெரிய கைதட்டல். நானும் மார்தட்டிக்கொண்டேன்.

ஒரு மாதம் சென்றது. என் ஆய்வு செல்லுலோஸ் பற்றியது. பழைய திரைப்படச் சுருள்கள் ஏன் கெட்டுப்போகின்றன என்று படிக்கப் போனவன், அந்தக் காலத்துப் படம் ஒன்றையே பார்த்துவிடுவோமே என்று ஓர் இரவு விடுதி அறையில் உட்கார்ந்தேன். 1924-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த 'கேப்டன் ஜானுவரி' என்னும் ஊமைப் படம். கலங்கரை விளக்கம் காக்கும் கிழவர் ஒருவர், கடல் கரையில் ஒதுக்கிய பெண் குழந்தையை எடுத்து வளர்க்கிறார். பின்னர் உறவினர் வந்து அவளை அழைத்துப் போகின்றனர். அவள் கிழவரைத் தேடி ஓடி வந்துவிடுகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் அந்தக் குழந்தையின் முகம்! புருவம் வரை வெட்டிய கருமயிர், உருண்டை விழிகள். அழ வேண்டிய இடத்தில் அழுகை, அடுத்த கணமே சிரிப்பு. அந்தச் சிரிப்பை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அவள் பெயர் பெக்கி ஜீன் மாண்ட்கோமரி. படத்தில் 'பேபி பெக்கி'. 1918 அக்டோபர் 29-இல் பிறந்தவள். தந்தை ஜாக் மாண்ட்கோமரி மாடு மேய்க்கும் கௌபாயாக இருந்து, பிறகு ஹாலிவுட்டில் பெரிய நடிகர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழும் வேலைக்கு வந்தவர். பெக்கிக்குப் பத்தொன்பது மாதம் நிரம்பியபோது அவளை அவள் தாய் செஞ்சுரி ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்றாள். அங்கே டைரக்டர் பிரெட் பிஷ்பாக்கின் கண்ணில் பட்டது குழந்தையின் அழகன்று. உட்கார் என்றால் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்த அவளுடைய அடக்கம். அவர்களிடம் பிரௌனி என்னும் புகழ்பெற்ற நாய் ஒன்று இருந்தது. அதனோடு நடிக்க ஒரு குழந்தை வேண்டியிருந்தது. நாய்க்குத் துணையாகத்தான் அவளுடைய கலைவாழ்வு தொடங்கிற்று!

தந்தைக்குக் குதிரை பழக்கத் தெரியும். பெண்ணையும் அவ்வாறே பழக்கினார். விரலைச் சொடுக்கினால் அழ வேண்டும். மறுபடி சொடுக்கினால் சிரிக்க வேண்டும். தம் மகளுக்குத் திறமை என்று தனியாக ஒன்றுமில்லை, சொன்னதைச் செய்கிறாள், அவ்வளவே என்பது அவர் கொள்கை. இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை' என்பதைவிடப் பெரிய பாராட்டு நம் வீடுகளிலும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். நான் வளர்ந்ததும் அந்தப் பாராட்டில்தான்.

1921 முதல் 1924 வரை செஞ்சுரி கம்பெனிக்காக மட்டும் அவள் நடித்த குறும்படங்கள் ஏறக்குறைய 150. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை. ஓடுகிற வண்டியிலிருந்து அவளைத் தூக்கி எறிந்தார்கள். கடல் நீரில் மயங்கும் வரை அமிழ்த்தினார்கள். 1923-இல் 'டார்லிங் ஆப் நியூயார்க்' என்னும் முழுநீளப் படத்தில் வீடு எரியும் காட்சி. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்த அரங்கம் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டது. அவள் வெளியே வர வேண்டிய கதவு எரிகிறது. அந்த நான்கு வயதுக் குழந்தை எரியும் சன்னல் வழியே ஏறி வெளியேறினாள். எல்லாக் குழந்தைகளும் வேலை செய்துதான் பெற்றோரைக் காப்பாற்றுகின்றன என்று அப்போது தாம் நம்பியிருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

புகழுக்குக் குறைவில்லை. அவள் சாயலில் பொம்மைகள் செய்து விற்றார்கள். 1924-இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியபோது, பிராங்க்ளின் ரூசுவெல்ட்டுக்குப் பக்கத்தில் மேடையில் நின்றாள். தயாரிப்பாளர் சோல் லெஸ்ஸரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் டாலர் என்று விளம்பரமாயிற்று. அந்தப் பணத்தில் வீடும் காரும் உடையும் வந்தன. அவள் பெயரில் ஒரு காசும் சேமிக்கவில்லை. எஞ்சியதை, நம்பிக் கணக்கை ஒப்படைத்திருந்த உறவினரே சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

1925-இல் தந்தைக்கும் லெஸ்ஸருக்கும் பணத் தகராறு. ஒப்பந்தம் முறிந்தது, மற்றக் கம்பெனிகளும் கதவை அடைத்தன. 1926-இல் 'ஏப்ரல் பூல்' என்னும் படத்தில் ஒரு சிறு வேடம். அதோடு ஊமைப் பட வாழ்வு முடிந்தது. அப்போது அவளுக்கு வயது ஏழு. பிறகு 1929 வரை வாடெவில் என்னும் கதம்ப மேடை நிகழ்ச்சிகளில் ஊர் ஊராக ஆடிக் குடும்பத்தைக் காத்தாள். 1930-களில் அதே ஹாலிவுட்டில், கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் துணை நடிகை வேலை. 'கேப்டன் ஜானுவரி'யை 1936-இல் பேசும் படமாக மறுபடி எடுத்தார்கள். கதாநாயகி ஷெர்லி டெம்பிள்.

அந்த 150 படங்கள் என்ன ஆயின? இங்கே என் துறை குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்துப் படச் சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு. பற்றினால் நீருக்குள்ளும் எரியும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. எரியாவிட்டாலும் நிம்மதி இல்லை. அது மெல்ல மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலம் ஆகும். அந்த அமிலம் சிதைவை இன்னும் விரைவாக்கும். முதலில் உருவம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்பு நிறத் தூள். குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. 1912 முதல் 1929 வரை வெளிவந்த ஏறத்தாழ 11,000 அமெரிக்க முழுநீள ஊமைப் படங்களில் மூல வடிவில் மிஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கே என்று அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. செஞ்சுரி ஸ்டூடியோ 1926-இல் எரிந்துபோயிற்று. பெக்கியின் குறும்படங்களில் கிடைப்பவை மிகச் சில.

இதுவரை 'அவள்' என்று எழுதினேன். இனி 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. அவர் டயானா என்று பெயர் மாற்றிக்கொண்டார். தொலைபேசி நிலையத்திலும் புத்தகக் கடையிலும் வேலை பார்த்தார். பேபி பெக்கி என்னும் பெயரைக் கேட்டாலே நெடுங்காலம் விலகிப் போனவர், பின்னர் டயானா செர்ரா கேரி என்னும் பெயரில் ஹாலிவுட்டின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1979-இல் திரைப்படக் குழந்தைகளைப் பற்றி ஒரு நூல், 1996-இல் தன்வரலாறு, 2003-இல் தம்மோடு ஒத்த காலத்துக் குழந்தை நடிகரான ஜாக்கி கூகனைப் பற்றி ஒன்று. கூகனும் இலட்சக் கணக்கில் சம்பாதித்து இழந்தவர். 1938-இல் அவர் தம் தாய்மீது தொடுத்த வழக்கின் பயனாகத்தான் 1939-இல் குழந்தை நடிகரின் ஊதியத்தில் ஒரு பங்கைக் காக்கும் சட்டம் கலிபோர்னியாவில் வந்தது. டயானா முதுமையிலும் குழந்தை நடிகர்களின் உரிமைக்காகப் பேசினார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, மிஞ்சிய தம் படங்களை மக்களோடு உட்கார்ந்து பார்த்தார். 2020 பிப்ரவரி 24-இல், 101-ஆம் வயதில் மறைந்தார். அவரைப் படமாக்கிய சுருள்களில் பெரும்பாலானவற்றைவிட அவர் நீண்ட நாள் இருந்துவிட்டார் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

நம் நாட்டிலும் 2017-இல் விதிகள் வந்தன. நடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருவாயில் இருபது விழுக்காடாவது அதன் பெயரில் வங்கியில் போட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வரி: குழந்தையை அதன் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்குகொள்ளச் செய்யக்கூடாது. நம் பொங்கல் விழாவைப் பிடிக்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லைதான். ஆனாலும் அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

இந்த ஆண்டும் அதே பொறுப்பு எனக்கே வந்தது. கைதட்டல் வாங்கிக் கொடுத்தவன் அல்லவா! அந்தச் சிறுமிக்கு இப்போது ஆறு வயது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தாள். அம்மாவின் கையில் புதுப் பட்டுப் பாவாடை. நான் குனிந்து, "உனக்கு ஆடணுமா, வேண்டாமா? எதுவானாலும் சரி" என்று கேட்டேன்.

அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன பதிலை எதிர்பார்க்கிறேன் என்று என் முகத்தில் தேடினாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வெகு நேரம் கழித்து, "வேண்டாம் அண்ணா. நான் எல்லாருக்கும் கரும்பு கொடுக்கிறேன்" என்றாள்.

விழாவில் கரும்புத் துண்டுகளை அவள்தான் கொடுத்தாள். சிலருக்கு இரண்டு கொடுத்தாள்; சிலருக்குக் கொடுக்கவே இல்லை. கும்மிக்கு இந்த முறை அவ்வளவு கைதட்டல் இல்லை. அவள் அம்மா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.