மேல்மாடித் தூண்கள்

எங்கள் தந்தையார் இறைவனடி சேர்ந்த பின், புதுவையில் தமிழர் பகுதியிலுள்ள பழைய வீட்டைச் செப்பனிட முற்பட்டோம். கீழே திண்ணையும், மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும். மேல்மாடியிலோ சுவரோடு ஒட்டிய ஆறு அரைத்தூண்களும், வளைவு வைத்த சன்னல்களும், குட்டைத்தூண்கள் வரிசையிட்ட கைப்பிடிச்சுவரும். "பாரம் தாங்காத வெறும் அலங்காரம், தட்டிவிட்டு நேராகப் பூசினால் செலவு குறையும்" என்றார் கொத்தனார். எங்களுக்கும் அது சரியெனவே பட்டது. பிறந்து வளர்ந்த வீட்டின் முகத்தை நாங்கள் அதுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை.

இரண்டு தூண்கள் உடைபட்ட மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிந்து, அத்தையாருக்காக அமலோற்பவ அன்னை பேராலய முற்றத்தில் காத்து நின்றோம். 1791-இல் கட்டி முடிக்கப்பெற்ற முகப்பு. கீழ்நிலையில் இரட்டை இரட்டையாக நிற்கும் தூண்களின் தலையில் ஒரு வளையமும் சதுரப் பலகையுமே உண்டு, அது டோரிக். மேல்நிலைத் தூண்களின் தலையில் ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் இருபுறமும் சுருள், அது அயோனிக். (இலைக்கொத்து விரிந்திருந்தால் கொரிந்தியம்.) தடித்தது கீழே, மெலிந்தது மேலே என்பது உரோமையர் கொலோசேயத்திலேயே கையாண்ட முறை.

"அண்ணா, அந்தச் சுருள் நம் வீட்டில் இருக்கிறதே!" என்றான் எங்களுள் இளையவன்.

பண்டைக் கோவில்கள் வீட்டின் வடிவிலிருந்தே பிறந்தன என்று எண்ணியவர் இத்தாலியச் சிற்பி பல்லாதியோ. ஆகவே கோவில் முகப்பை வீடுகளுக்கு அணிவித்தார். 1570-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். ஐரோப்பாவில் மீண்டும் தழைத்த அப்பழைய மரபு பிரெஞ்சுக்காரருடன் கப்பலேறிப் புதுவைக்கு வந்தது. நம் முன்னோர் அதை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. திண்ணையை விட்டுக்கொடாமல், மாடியில் மட்டும் அதற்கு இடமளித்தனர். அந்தப் பேரத்தைத்தான் நாங்கள் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தோம்.

வீடு திரும்பியதும் வேலையை நிறுத்தச் சொன்னோம். உடைந்த இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே தெரிந்தன. கல் என்று நம்பியிருந்தோம்! கொத்தனார் சற்று முணுமுணுத்தாலும், மறுநாள் தம் தந்தையாரை அழைத்து வந்தார். முதியவர் சாரத்தில் ஏறி, எஞ்சிய சுருளை நூலால் அளந்து, பலகையில் வடிவம் வெட்டி, பதினேழு நாள் சுண்ணாம்பில் உழைத்தார்.

புதிய சுருள்கள் இரண்டும் சற்றுத் தடித்தே அமைந்தன. மாற்ற வேண்டாமென்று அத்தையார் சொல்லிவிட்டார்.